தண்ணி

வீட்டில் சத்தம் என்று
காருக்குள் இருந்து பதிவு செய்தேன்.
பெண்டில் ஹில் ஸ்டேஷன் கார் பார்க்கில்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
மூக்கடைத்த குரலில்
முப்பத்திரண்டு சொற்கள்.

டேப்லெட்டோடு வந்த குரல்
சிட்னிப் பையன் ஒருவனுடையது.
நல்ல குரல்தான்.
ஆனால் உங்கள் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்
என்று கேட்டிருந்தாள் தெரப்பிஸ்ட் டீனா.

படத்துக்கு ஒரு சொல்.
கையை விரித்து மறிக்கும் படத்துக்கு
'போதும்' என்றார் திருமாறன், மதுரைக்காரர்.
'காணும்' என்றேன் நான்.
ஒரு பொத்தானுக்காக
இரவு பதினொரு மணிவரை சண்டை.
நாலு வயதாகியும் வாய் திறக்காதவன்
முதலில் எந்த ஊர்க்காரனாகப் பேசுவது?
காணும் வென்றது,
தொண்டை என்னுடையது என்பதால்.

ஆரூரன் முதல் நாள் டேப்லெட்டை நக்கினான்.
இரண்டாம் நாள் அதன்மேல் உட்கார்ந்தான்.
ஒன்பதாம் நாள்
எங்கள் யாரையும் பாராமல்
ஒற்றை விரலால் அழுத்தினான்:
தண்ணி.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.
அவர் ஓடிப்போய்
விருந்தாளிக்கு எடுக்கும் கிளாஸைத் தேடினார்.

அவன் தட்டிவிட்டான்.
தண்ணி, என்றான் மறுபடி,
என் சளியோடு.
நீலக் கோப்பையில் கொடுத்தோம்.
ஸ்ட்ரா போட்டு, ஐஸ் போட்டு,
சுடவைத்து ஆற்றி.
தண்ணி. தண்ணி. தண்ணி.
குசினித் தரை முழுக்கத் தண்ணி.
தாகம் எடுத்தால் மட்டும்
எப்போதும்போல என் மணிக்கட்டைப் பிடித்துக்
குழாயடிக்கு இழுத்துப்போனான்.

அர்த்தம் பிடிபடவில்லை என்று
தேதி போட்டுக் கொப்பியில் எழுதினேன்.
பொறுங்கள், என்றாள் டீனா.
பொறுமைக்கு அதில் படம் இல்லை.

ஐந்தாவது கிழமை
உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன்.
ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து
அழுத்துகிறான், கேட்கிறான், அழுத்துகிறான்.
சொல்லுக்கு அசைவதில்லை.
சொல் முடிந்த பிறகுதான்
கண்ணை மூடுகிறான்.

முடிந்த பிறகு என்ன இருக்கிறது?

வாங்கி என் காதில் வைத்தேன்.
தண்ணி...
அதன் வாலில்
ஒரு விநாடிகூட இல்லை,
பென்ரித் போகிற ரயில்.

சனிக்கிழமை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றோம்.
காதை மூடும் ஹெட்போனை
அவனே கழுத்துக்கு இறக்கினான்.
எனக்கு ஒன்றும் கேட்காத நேரத்தில்
தண்ணி, என்றான்.
பிறகுதான் வந்தது, எட்டுப் பெட்டி.

பக்கத்தில் நின்ற எங்கட மனிசி ஒருத்தி
பையைத் திறந்து போத்தலை நீட்டினாள்:
'தம்பிக்கு விடாய்க்குது போல.'
இல்லை அக்கா, ரயிலைச் சொல்லுறான்
என்று நான் சொன்னதை
அவள் எப்படி எடுத்தாளோ.

'ரயில்' என்று புதிதாக ஒரு பொத்தான் செய்தார் திருமாறன்.
அழகான படம், சளியில்லாத குரல்.
இன்றுவரை அதில் ஒரு விரல்ரேகை விழவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில்
குடிப்பது நீர்.
ஓடுவது தண்ணி.
ஏழு இருபது தண்ணியில்தான் அவர் வேலைக்குப் போகிறார்.
மதுரையிலிருந்து போன் பேசிய நாத்தனார்
'காலையிலேயேவா?' என்று பதறினாள்.

நேற்று மழைக்கு முன்
ஆறு ரயில் பார்த்தான்.
ஏழாவது வருமுன்
இதுவரை தொடாத ஒரு படத்தை அழுத்தி
'காணும்' என்றான்,
என் மணிக்கட்டைப் பிடித்து
படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

வீட்டுக்கு வந்தோம்.
அந்தச் சொல்லின் வாலில்
என்ன சத்தம் இருக்கிறது என்று
நான் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.